இன்ஜெக்டரா, ஆக்சிலரேட்டரா? எதை முதலில் பயன்படுத்துவது?

கேள்வி: ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்வெளி விளையாட்டில் என் பாத்திரத்திடம் 46 லட்சம் ஸ்கில் பாயிண்ட் (திறன் புள்ளி) இருக்கிறது, ஒமேகா என்ற கட்டணச் சந்தாவும் நடப்பில் உள்ளது. கைவசம், புள்ளிகளை ஒரேயடியாக ஏற்றும் ஒரு பெரிய ஸ்கில் இன்ஜெக்டரும், பயிற்சி வேகத்தைத் தீர்மானிக்கும் எல்லா ஆட்ரிபியூட்டையும் குறிப்பிட்ட காலத்துக்கு 10 கூட்டும் ஓர் ஆக்சிலரேட்டரும் உள்ளன. எதை முதலில் போட வேண்டும்? இன்னொரு இன்ஜெக்டரைப் பாதி விலைக்குத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இன்ஜெக்டரை முதலில் போடுங்கள், அதே நாளில் ஆக்சிலரேட்டரையும் தொடங்கிவிடலாம். ஆக்சிலரேட்டர் தரும் கூடுதல் வேகம் உங்கள் மொத்தப் புள்ளியைப் பொறுத்தது அல்ல, ஆனால் இன்ஜெக்டரின் பலன் நீங்கள் வளர வளரக் குறைகிறது. மொத்தம் 50 லட்சத்துக்குக் கீழே இருக்கும்போது அது 5 லட்சம் தரும். அதற்கு மேல் 5 கோடி வரை 4 லட்சம், 8 கோடி வரை 3 லட்சம், அதையும் தாண்டினால் ஒன்றரை லட்சம்தான். ஓர் இன்ஜெக்டரை உருவாக்க இன்னொரு வீரரிடமிருந்து முழுதாக 5 லட்சத்தை உறிஞ்சி எடுத்து, மூத்த வீரருக்கு ஒன்றரை லட்சத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைக் காற்றில் கரைக்கும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரீமேப்பும் (ஆட்ரிபியூட்டுகளை மாற்றிப் பங்கிடுவது) இம்ப்ளாண்டும் (அவற்றைக் கூட்டும் பொருத்துக்கருவி) இல்லாத பாத்திரம் மணிக்குச் சுமார் 1,800 புள்ளி பெறும். உங்கள் ஆக்சிலரேட்டர் அதை 2,700 ஆக்கும். அந்த வேகத்தில் ஆறு நாளுக்குச் சற்று மேல் 50 லட்சத்தைத் தொட்டுவிடுவீர்கள். அதன் பிறகு இன்ஜெக்டரைப் போட்டால் ஒரு லட்சம் நஷ்டம். ஆக்சிலரேட்டர் நாளொன்றுக்குத் தரும் கூடுதல் 21,600 புள்ளியைக் கொண்டு அதை ஈடுகட்ட நான்கரை நாளுக்கு மேல் ஆகும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனத்தில் வையுங்கள். ஒமேகா சந்தா முடிந்து ஆல்ஃபா என்ற இலவச நிலைக்கு இறங்கினால், 50 லட்சத்தைக் கடந்த பாத்திரத்தின் வழக்கமான பயிற்சி நின்றுவிடும்; பயிற்சி நின்றாலும் ஆக்சிலரேட்டரின் கடிகாரம் நிற்காது. அடுத்தடுத்துப் பயில வேண்டிய திறன்களின் பயிற்சி வரிசை காலியாகிவிட்டாலும் இதே கதைதான். ஆகவே இன்ஜெக்டர் உங்களை 51 லட்சத்துக்குக் கொண்டு போன பிறகு, சந்தா எத்தனை நாள் மிச்சம், வரிசை எத்தனை நாள் நீளம் என்று இரண்டையும் பார்த்து, ஆக்சிலரேட்டரின் காலத்தைவிட அவை நீளமாக இருந்தால் மட்டுமே தொடங்குங்கள். விழாக்கால ஆக்சிலரேட்டர்களுக்குக் காலாவதித் தேதியும் குறித்து நிறுவனமே அவசரப்படுத்துகிறது என்பதால், பலர் இதைப் பார்க்காமலே போட்டு வீணாக்குகிறார்கள்.

டெலிகிராம்காரரிடம் வாங்கவே வாங்காதீர்கள். விளையாட்டுக்கு வெளியே பணம் கொடுத்து வாங்குவது விதிப்படி குற்றம். பொருளைப் பறிப்பதோடு கணக்கையும் முடக்குவார்கள், விற்றவர் அதற்குள் பெயர் மாற்றிக்கொண்டிருப்பார். அந்த இரண்டாவது இன்ஜெக்டர் எப்படியும் உங்களுக்கு 4 லட்சம்தான் தரும். விளையாட்டுக்குள்ளேயே ஜீட்டா என்ற பெரிய வணிக மையத்து நிலையத்தின் ஒப்பந்தங்களில் வாங்குவதானாலும் தலைப்பை நம்பாமல், உள்ளே இருக்கும் பொருளைத் திறந்து பாருங்கள். பெரிய இன்ஜெக்டர் என்று எழுதிவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே தரும் சிறியதை வைத்திருப்பவர்கள் அங்கே நிறைய.