மத்தியானத்தில் உருகும் லிப் பாம்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சோளகக் காற்றுத் தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சொண்டு வெடிக்குது. ஒரு கரண்டி தேன்மெழுகு, மூன்று கரண்டி தேங்காயெண்ணெய், கொஞ்சம் தேன், தேசிக்காய்ப் புளி விட்டு லிப் பாம் செய்தன். விடிய இறுகி இருக்குது. மத்தியானம் எண்ணெயாகுது, தேன் அடியில நிக்குது. எங்க பிழை?"

முதற் பிழை கரண்டி. சீவிய மெழுகு கரண்டியில் பொங்கி நிற்கும். நிறுத்தால் எண்ணெயின் பாதிகூட வராது. ஒன்றுக்கு மூன்று என்று நீங்கள் போட்டது ஒன்றுக்கு ஆறாகியிருக்கும். தேங்காயெண்ணெய் 25 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும். குளிர்நாட்டுச் செய்முறைகளில் அது கட்டியாக நின்று பாமைத் தாங்கும். வன்னி வெக்கையில் தாங்குவது 62–64 பாகையில் உருகும் மெழுகு மட்டுமே.

தராசில் நிறுத்து எடுங்கள்: தேன்மெழுகு 10 கிராம், தேங்காயெண்ணெய் 20 கிராம், ஆமணக்கெண்ணெய் 10 கிராம். 5 கிராம் சிமிழ் எட்டுக்குப் போதும். ஆமணக்கெண்ணெய் தடித்தது, உதட்டில் ஒட்டி நிற்கும். தேங்காயெண்ணெய் தனியே என்றால் வழிந்துவிடும். கொதிநீர்ச் சட்டிக்குள் சில்வர்க் கோப்பையை வைத்து முதலில் மெழுகை உருக்குங்கள். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றலாம். எண்ணெயை விட்டதும் மெழுகு திரளும். பயப்படாமல், முழுதும் தெளியும்வரை சூட்டிலேயே கலக்குங்கள். தெளியுமுன் இறக்கினால் மணல்மணலாக நிற்கும். ஒரு சொட்டைக் கரண்டியில் ஆறவிட்டு, மத்தியான வெக்கையில் அழுத்திப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். இளகினால் 1 கிராம் மெழுகு கூட்டுங்கள். முழுதும் ஆறிய பிறகே மூடி போடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் உருகினால் மெழுகைச் சந்தேகப்படுங்கள். சந்தையில் "அசல் காட்டுத் தேன்மெழுகு" என்று தருவதில் மெழுகுதிரி மெழுகு கலந்திருக்கலாம். அது எண்ணெயைப் பிடித்து வைக்காது, மேலே வியர்க்கும். ஒரு துண்டை விரலால் பிசையுங்கள்: தேன்மெழுகு சூடேற இளகி ஒட்டும், கலப்படம் வழுக்கி, செதில்செதிலாக உதிரும். உருக்கும்போது தேன் மணம் வரவேண்டும், மண்ணெண்ணெய் வாடை வரக்கூடாது. மேலே வெண்பூச்சுப் படர்ந்திருந்தால் பழுதென்று ஒதுக்காதீர்கள். நாட்பட்ட தேன்மெழுகில் அது இயல்பு. பளபளக்கும் கட்டிக்குக் கூடுதல் விலை சொல்லும் தரகரிடம் வாங்காதீர்கள். தேன் எடுப்பவரிடமே அடையை வாங்கி, வெந்நீரில் உருக்கித் துணியால் வடித்து, ஆறியபின் அடி அழுக்கைச் சுரண்டி, ஈரமில்லாமல் காயவையுங்கள்.

வாழ்வாதாரப் பயிற்சி என்று அரைநாள் இருத்தி, சான்றிதழும் படமும் தந்து, உருக்கி ஊற்றினாலே பாமாகும் "பாம் பேஸ்" கட்டியை விற்று அனுப்புகிறவர்கள்மேல் எனக்குப் பொறுமையில்லை. அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லமாட்டார்கள். ஒரு சின்னத் தராசு கொடுத்து நிறுக்கப் பழக்கியிருந்தால் எத்தனை பெண்களின் காசு மிஞ்சியிருக்கும்!

தேனும் புளியும் வேண்டாம். இரண்டும் நீர்ச்சத்து, எண்ணெயில் கரையாது, பூஞ்சணம் பிடிக்கும். தேசிக்காய்ப் புளி பட்ட தோல் வெயிலில் வெந்தும் போகும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் வாயிலேயே படக்கூடாது. கறுவா எண்ணெயும் எரிக்கும்.

ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன். நடு உதடு வெடிப்பது பெரும்பாலும் காற்றால், பாம் போதும். கடைவாய் இரண்டும் வெடித்துப் புண்ணானால் அது வேறு. அங்கே எச்சில் தேங்கிப் பூஞ்சை பிடித்திருக்கலாம், இரும்புச்சத்தோ பி வைட்டமினோ குறைந்திருக்கலாம், பல்செட் போட்ட முதியவருக்குச் செட் பொருந்தாமலும் இருக்கலாம். பாம் ஈரத்தை உள்ளே மூடிவைக்குமே தவிர ஆற்றாது. பிள்ளைகளுக்கு எந்த இடம் வெடிக்கிறதென்று நீங்கள் எழுதவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடைவாய் என்றால் பாம் பூசுவதை நிறுத்தி, ஆசுபத்திரியில் காட்டுங்கள்.