அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரே வரியில் வந்த தடை

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. எங்கள் தெருப் பையன்களுடன் அணி சேர்ந்து கைபேசி வீடியோ கேம் லீக் ஒன்றில் ஆடிவந்தான். அரையிறுதிக்கு முதல் நாள், ‘அனுமதியற்ற மென்பொருள்’ என்ற ஒரே வரியுடன் இரண்டு ஆண்டுகள் தடை விதித்துவிட்டார்கள். விளக்கம் கேட்டால் பதில் இல்லை. இது நியாயமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் தம்பி ஹேக் (ஆட்டத்தில் ஏமாற்ற உதவும் மென்பொருள்) பயன்படுத்தினாரா என்பதை நான் அறியேன், தடை விதித்த முறை நியாயமற்றது என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன். உங்கள் பகுதி கேரம் கிளப்புகளில் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால், ஆடியவர் மறுபேச்சின்றிக் காயைத் திரும்ப வைக்கிறார். விழுந்ததைப் பலகையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கைபேசிக்குள் நடப்பதை அப்படி யாரும் பார்ப்பதில்லை. கண்டுபிடிக்கும் உத்தியை வெளியிட்டால் ஏமாற்றுபவர்கள் உஷாராகிவிடுவார்கள் என்று லீக் நடத்துவோர் சொல்வதில் உண்மை உண்டு என்றாலும், எந்த ஆட்டத்தில் எந்த விதி மீறப்பட்டது என்று சொல்வதால் எந்த ரகசியமும் கசிந்துவிடாது.

2018இல் ஷாங்காயில் நடந்த, கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி ஒன்றின் வீரர் கையும் களவுமாகப் பிடிபட்டார். நடுவர் கணினியைச் சோதிக்க வந்தபோது அந்த வீரர் பதறியடித்து அழிக்கப் பார்த்த கோப்புக்கு, கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள்போலத் தோன்றும்படி ‘வேர்ட்’ என்று பெயர்! அவருக்கு ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. காரணம் உலகத்துக்கே தெரிந்தது. உங்கள் தம்பிக்குக் கிடைக்காதது அந்தக் காரணம்தான்.

எனவே தடை நீக்கத்தைக் கேட்காதீர்கள். எந்த ஆட்டம், எந்த விதி என்பதையும், தடை விதித்தவர் அல்லாத இன்னொருவர் மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஆட்டத்தின்போது கையைப் படம்பிடித்த ஹேண்ட்கேம் பதிவு இருந்தால், வெட்டாமல் ஒட்டாமல் முழுதாக இணையுங்கள்.

அதற்கு முன், அப்பா அம்மா இல்லாத நேரத்தில் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: உன் விளையாட்டுக் கணக்கின் ஐடியை யாருக்காவது கொடுத்தாயா? நண்பன் செய்த தில்லுமுல்லுவுக்கும் ஐடியின் சொந்தக்காரரையே பொறுப்பாக்குவது வழக்கம். கொடுத்திருந்தால் கடிதத்தை அந்த உண்மையிலிருந்தே தொடங்குங்கள். 2020இல், எதிரணியை வேவு பார்க்க உதவிய மென்பொருள் பிழையைப் பயன்படுத்தியதற்காக கவுன்டர் ஸ்ட்ரைக் பயிற்சியாளர்கள் 37 பேருக்குத் தடை விதிக்கப்பட்டபோது, தாங்களாகவே ஒப்புக்கொண்டவர்களுக்குத் தடைக்காலம் குறைக்கப்பட்டது.