டி.டி.சி.பி. அப்ரூவல் தெரிந்த அப்பாவுக்கு

வணக்கம் சார்,

"பி.பிளான்னா வீட்டுக்குப் பிளான் போடுற படிப்புதானே, அதுக்கு நாலு வருஷமா?" என்று, உங்கள் மகள் சேர விரும்பும் நகரமைப்புப் பட்டப்படிப்பைப் பற்றிப் போனில் கேட்டீர்கள். கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் அளவுக்கு மார்க் எடுக்கிற பெண் இதற்காக அடம்பிடித்தால் பெற்றவர்களுக்குத் தூக்கம் வராதுதான்.

வீட்டுக்குப் பிளான் போடுவது ஆர்க்கிடெக்ட். அந்த இடத்தில் வீடு வரலாமா, தொழிற்சாலை வரலாமா, சாலை எத்தனை அடி, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இருபது வருஷத்துக்கு முன்கூட்டியே யோசிப்பது நகரமைப்பாளர். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இல்லாமல் வாங்கிய அந்த மனை ஞாபகம் இருக்கிறதா? 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்றதும், விற்கவும் வழியில்லாமல் தவித்தீர்கள். 2017-ல் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகு கட்டணம் கட்டித்தான் மூச்சு விட்டீர்கள். லேஅவுட்டில் சாலை அகலம் போதுமா, பூங்காவுக்கு இடம் விட்டார்களா என்று பார்க்கும் நாற்காலியில்தான் உங்கள் மகள் உட்கார ஆசைப்படுகிறாள்.

அந்த நாற்காலி சுகமானது என்று சொல்ல மாட்டேன். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பொதுவாக மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், பச்சை பூங்காவும் விவசாயமும். ஒரு சர்வே எண் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறினால் அதன் விலை எங்கேயோ போய்விடும். அதனால்தான் நில வகைப்பாட்டை மாற்றக் கேட்டு மனுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சென்னையின் பள்ளிக்கரணைக்குப் போய்ப் பாருங்கள். சதுப்பு நிலத்தைச் சுற்றிக் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் வந்துவிட்ட பிறகு, 2022-ல்தான் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. போன தண்ணீர்ப் பரப்பு திரும்பி வரப்போவதில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கோப்பில் 'கூடாது' என்று எழுதிவிட்டுப் பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்களுக்கான வேலை இது.

வேலை இருக்கிறதா? நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, மாநில நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே 3,945. அதிலும் 42 சதவீதம் காலி. தேவையோ 12,000-க்கு மேல். சென்னைப் பெருநகர் எல்லை மட்டும் 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆகியிருக்கிறது. சென்னைக்கு 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026 வரைக்கும்தான். அடுத்தது 2046-ஐக் குறிவைக்கிறது. ஆனால் காலி இடம் என்பது உடனே நிரப்பப்படும் இடம் அல்ல. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் நகரமைப்பு உதவி இயக்குநர் தேர்வு வருஷா வருஷம் வருவதும் இல்லை. அதுவரை கன்சல்டன்சி, போக்குவரத்து ஆய்வு, ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட) வேலைகள்தான் சோறு போடும். முதல் சம்பளத்தை ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள், மனசு கஷ்டப்படும். பி.பிளானோடு நிற்காமல் முதுநிலைப் படிப்பான எம்.பிளான் முடித்தால்தான் பெரிய பதவிகளுக்குக் கதவு திறக்கும். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அது இருக்கிறது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) கல்வி நிறுவனங்களில் பி.பிளான் சேர ஜே.இ.இ. மெயினில் தாள் 2பி எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பி.இ. தாளை மட்டும் டிக் செய்துவிட்டு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கணிதம், ஆப்டிடியூட், திட்டமிடல் சார்ந்த கேள்விகள் என மூன்று பகுதி. ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு இருக்கும் ஓவியப் பகுதி இதில் இல்லை. "எனக்குப் படம் வராது" என்று அவள் பயந்தால் இதைச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், தப்பில்லை. முடிவெடுப்பதற்கு முன் அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் தெருவில் எந்த வீடு கடையாக மாறியிருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது, மழைக்கு எங்கே தேங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துவரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் அலுத்துப்போய் வந்தால் விட்டுவிடலாம். இருட்டிய பிறகும் வீட்டுக்கு வராமல் கடைக்காரரிடம் பேசிக்கொண்டு நின்றாள் என்றால், சனிக்கிழமை இருவரும் வாருங்கள். அந்த மனைப் பத்திரத்தையும் லேஅவுட் படத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அவளுக்குப் பாடத்தை அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.