இன்று இல்லாமல் போன எந்த வானொலி நிகழ்ச்சிக்காக நீங்கள் ஏங்குகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு இலங்கை வானொலி, விவித் பாரதி என்றுதான் பதில்கள் குவியும். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் என் பதில் 1990களின் அமெரிக்க விளையாட்டுப் பேச்சு ரேடியோ. ஆட்டத்தின் நேர்முக வர்ணனையைச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு அதைப் பற்றி நாள் முழுக்க ஓடுமே வாய்ச்சண்டை, அது.

1993 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக இல்லினாய் மாநிலத்துக்குப் போனேன். எண்ணூறு டாலருக்கு ஒரு பழைய கார் வாங்கினேன். அதில் ஹீட்டர் பாதி வேலை செய்யும், ரேடியோ பாதி வேலை செய்யும். எஃப்.எம். செத்துவிட்டிருந்தது, ஏ.எம். மட்டும்தான். அந்தக் கார் நல்ல காராக இருந்திருந்தால் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருப்பேன், இந்தப் பதிலும் இருந்திருக்காது.

ஏ.எம். அப்போது பாட்டை எஃப்.எம்.மிடம் பறிகொடுத்துவிட்டு, பேச்சை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. 1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் டபிள்யூஃபேன் என்ற நிலையம் 24 மணி நேரமும் விளையாட்டு மட்டுமே என்று தொடங்கியது. அதற்கு முன்பே, 1981இல் நாடு முழுவதற்கும் ஒரு விளையாட்டு ரேடியோ நடத்தப் பார்த்து, அதே வருடத்தில் இழுத்து மூடியவர்களும் உண்டு. 1992 ஜனவரியில் இஎஸ்பிஎன் ரேடியோ வந்தது, முதலில் வார இறுதிகளில் மட்டும். நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாக வந்து இறங்குவதால், சின்ன ஊர் ஸ்டேஷன்காரர் ராத்திரிக்கென்று தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை. அப்படித்தான் இது தேசத்துக்கே பொதுவான அரட்டையாக ஆனது.

சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது டீக்கடையில் நின்று ரேடியோ கேட்டவர்களுக்குத் தெரியும். வர்ணனையைவிடச் சுற்றி நிற்பவர்கள் போடும் வாதம்தான் சுவை. அமெரிக்காக்காரன் அந்த டீக்கடையையே தூக்கி ரேடியோவில் வைத்துவிட்டான்.

பகலில் சிகாகோவின் 820 கேட்பேன். 'தி ஸ்கோர்' என்று பெயர், அதுவும் 1992இல் தொடங்கியதுதான். அவர்களுக்குக் கிடைத்த உரிமம் பகலுக்கு மட்டும். இருட்டினால் அதே அலைவரிசையில் டெக்சஸ் நிலையத்துக்கு வழிவிட வேண்டும். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் கடை சாத்திவிடுவார்கள். சூரியன் மறைந்ததும் நின்றுபோகிற ரேடியோவை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அது நின்றதும் டயலைத் திருகினால், இருட்டின பிறகு தூரத்து ஊர்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். பகலில் ஏ.எம்.மின் மீடியம் வேவை விழுங்கும், வானில் உயரே உள்ள அயனிமண்டலத்தின் கீழடுக்கு ராத்திரியில் கலைந்துவிடும். அலைகள் அதற்கும் மேலே போய், பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் நியூயார்க், மறுபடி இரைச்சல்.

தொகுப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. இஎஸ்பிஎன்னில் 1994 ஜூலையில் வந்த நான்சி டானலன், நாடு முழுதும் கேட்கும் விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சியை நடத்திய முதல் பெண். அசட்டுக் கேள்வி கேட்டால் தயவு தாட்சண்யமே கிடையாது. பாப்பா ஜோ செவாலியர் புதன்கிழமை தோறும் நேயர்கள் மனக்குமுறலைக் கொட்ட இடம் கொடுப்பார். ஜிம் ரோம் 1996இல் நாடு முழுக்கப் பரவினார். நன்றாகப் பேசினவனை 'ரேக்' என்பார், மொக்கை போட்டவனை 'ரன்' என்று விரட்டிவிடுவார். அன்று நாங்கள் சிரித்த பல ஜோக்குகளை, குறிப்பாகப் பெண்களைப் பற்றியவற்றை, இன்று என் மகள் எதிரில் சொல்ல முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நான் கேட்டது நேயர்களுக்காக. 1994 ஆகஸ்ட் 12 அன்று பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 14 அன்று, அக்டோபரில் நடக்கும் இறுதிப் போட்டியான உலகத் தொடரே ரத்து; 1904க்குப் பிறகு முதல் முறை. அன்று ராத்திரி ஒரு முதியவர் போன் செய்தார். யாரையும் திட்டவில்லை. "எனக்கு இன்னும் எத்தனை அக்டோபர் மிச்சமோ தெரியாது, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்" என்றார். வாயாடித் தொகுப்பாளர் நாலைந்து வினாடி ஒன்றும் பேசவில்லை. ரேடியோவில் நாலைந்து வினாடி என்பது ரொம்ப நேரம்.

1996இல் சட்டம் மாறி, ஒரே நிறுவனம் நாடு முழுக்கச் சேர்த்து எத்தனை ஸ்டேஷன் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆனது; ஒரே ஊருக்குள் மட்டும்தான் வரம்பு. அப்புறம் மெல்ல மெல்ல நேயர் குரல் குறைந்து, இரண்டு பேர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கத்துவது அதிகமானது. போன வருடம் வாடகைக் காரில் கேட்டேன்; பாதி நேரம் சூதாட்ட ஆப் விளம்பரம். அணைத்துவிட்டேன்.

நானும் ஒரு தடவை போன் செய்தேன். அந்த வேலைநிறுத்த ஆகஸ்டில்தான். பேச ஆட்டமே இல்லாததால் யாரை வேண்டுமானாலும் உள்ளே விட்டார்கள். மைக்கேல் ஜோர்டன் கூடைப்பந்தை விட்டுவிட்டு அலபாமாவின் பர்மிங்ஹாமில் இரண்டாம் நிலை பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்; அந்த சீசன் முடிவில் பேட்டிங் சராசரி .202, அதாவது பத்துக்கு இரண்டு தடவைதான் அடி. இந்த ஆறரை அடி ஆள் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டால் மேற்கிந்தியத் தீவுகளின் நெடிய வேகப்பந்து வீச்சாளர் ஜோயல் கார்னர் மாதிரி வருவார் என்பது என் வாதம். கட்டணமில்லா எண். ஐம்பது நிமிடம் ஹோல்டில் இருந்தேன். "ரேடியோவைக் குறையுங்கள், ஒலி சில வினாடி தாமதமாக வரும், குழம்பிவிடுவீர்கள்" என்று முதலிலேயே சொன்னார்கள். குறைத்தேன். "லாங் டைம் லிசனர், ஃபர்ஸ்ட் டைம் காலர்" என்று முறைப்படி ஆரம்பித்தேன். கிரிக்கெட் என்று சொன்னதும் "அது புல்லுக்குள் கத்தும் பூச்சி அல்லவா?" என்றார் தொகுப்பாளர். பின்னாலிருந்து யாரோ சுவர்க்கோழி சத்தத்தை ஓடவிட்டார்கள். கார்னர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்.

அடுத்த ஞாயிறு டெக்சஸிலிருந்து என் கல்லூரி நண்பன் பேசினான். "டேய், நேத்து முந்தாநாள் ராத்திரி ரேடியோவுல நம்ம ஊர் ஆள் ஒருத்தன் ஜோர்டனை பௌலிங் போடச் சொல்லி மானத்த வாங்கிட்டான். கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். முப்பது வருடமாக அதையே காப்பாற்றி வருகிறேன். அவனும் இந்தத் தளத்தில்தான் இருக்கிறான். சரி, தெரிந்துகொள்ளட்டும்.