கூட்டம் முடிந்த பிறகு

அன்புள்ள டீச்சருக்கு,

கல்லூரியில் உங்கள் மாணவியிடம் படித்தவள் நான். இப்போது பிஎச்.டி. மூன்றாம் வருடம். எங்கள் கைடின் குழுவில் ஒன்பது பேர். ஐந்து பேர் குமரி மாவட்டத்துக்குள்ளேயே ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம், நான் மார்த்தாண்டம் பக்கம். இரண்டு பேர் திருநெல்வேலி. ஒரு அக்கா கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தபடி தீசிஸ் எழுதுகிறார். ஒரு அண்ணன் பட்டம் வாங்கி ஜெர்மனியில் போஸ்ட்-டாக் செய்கிறார், எங்கள் கட்டுரைகளில் இன்னும் கூட இருக்கிறார்.

ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு ஆன்லைன் மீட்டிங். இரண்டு மணி நேரம் நடக்கும். சார் பேசுவார். எல்லார் கேமராவும் அணைந்திருக்கும். கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. "குரூப்பில் ஒட்டுதலே இல்லை, மாதம் ஒருநாள் ஜாலியாகப் பேச ஒரு நேரம் வை" என்று சார் என்னிடம் சொன்னார். கடைசிச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வைத்தேன். வினாடி வினா, அந்தாக்ஷரி எல்லாம் தயார் செய்தேன். முதல் மாதம் எல்லாரும் வந்தார்கள். அடுத்த மாதம் நாலு பேர். மூன்றாவது மாதம் சாரும் நானும் மட்டும். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு லிங்கை மூடினேன். அன்றைக்கு அழுதுவிட்டேன் டீச்சர். லிங்க் அனுப்புவது, நினைவூட்டுவது, குறிப்பு எடுப்பது எல்லாமே நான்தான்.

திரைக்குள் நட்பு வளருமா? கேமராவைக் கட்டாயம் ஆக்கலாமா? இல்லை, இதெல்லாம் வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிடவா? பெயர் போட வேண்டாம்.

* * *

அன்புள்ள மகளே,

என் மாணவியின் மாணவி என்கிறாய். அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன்.

அன்று இரவு யாரும் வராமல் போனது உன்னை நிராகரித்ததாகாது. உன் கடிதத்திலேயே அதற்கான காரணம் இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. ஞாயிறு காலை 10 மணி என்று எழுதியிருக்கிறாய். அப்போது ஜெர்மனியில் விடியற்காலை ஐந்தரை. அவர்கள் மார்ச் கடைசி ஞாயிற்றில் கடிகாரத்தை முன்னே தள்ளிய பிறகு ஆறரை. ஓமனில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வாரத்தின் முதல் வேலைநாள். அந்த அக்காவுக்கு அது காலை எட்டரை மணி, வீடு அல்லோலகல்லோலமாக இருக்கும் நேரம். இங்கே நம் மாவட்டத்தில் ஞாயிறு பத்து மணிக்குப் பாதி வீடுகளில் ஆள் இருக்காது, கோயிலில் ஆராதனையில் இருப்பார்கள். ஒன்பது பேரில் பலருக்கு ஒத்துவராத நேரத்தில் கூடிக்கொண்டிருக்கிறீர்கள், அதை ஒருவரும் சாரிடம் சொல்லவில்லை. இதைக்கூடச் சொல்ல முடியாத குழுவில் அந்தாக்ஷரி என்ன செய்யும்?

சனிக்கிழமை மாலை 5 மணியைக் கேட்டுப் பார். ஜெர்மனியில் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை, மஸ்கட்டில் மூன்றரை. நம் ஊரில் விளக்கு வைப்பதற்கும் மக்ரிப் தொழுகைக்கும் குடும்ப ஜெபத்துக்கும் முன்னால் எழுந்துவிடலாம். ஆனால் நான் சொன்னேன் என்று அதை வைத்துவிடாதே. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போன் பண்ணிக் கேள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் சார் பார்க்கிறார் என்று எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விடுவார்கள்.

கேமரா விஷயத்தில் நானே தவறியிருக்கிறேன். 2020-ல் ஊரடங்கு வந்தபோது என்னிடம் ஆறு பேர் ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். காலை 9 மணிக்கு மீட்டிங் வைத்தேன். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் கேமராவே போடமாட்டான், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். படிப்பில் அக்கறை போய்விட்டது என்று முடிவுகட்டி ஒருநாள் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். இரண்டு வாரம் கழித்து வேறு எதற்கோ போன் செய்தபோது பின்னால் மழைச் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாய் மக்களே என்றேன். "மரத்து மூட்டுல நிக்கேன் டீச்சர்" என்றான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் அவன்தான் ரப்பர் வெட்டுகிறான். விடியுமுன் வெட்டத் தொடங்கினால், ஒன்பது மணி என்பது சிரட்டையில் நிறைந்த பாலை எடுத்து ஊற்றும் நேரம். மழை விழுந்தால் பால் வீணாகிவிடும். ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக நடந்தபடி மூன்று மாதம் என் மீட்டிங்கைக் கேட்டிருக்கிறான். அவனைத்தான் அக்கறையில்லாதவன் என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே கேமராவைக் கட்டாயமாக்காதே. கடற்கரை ஊரில் இரண்டே அறை உள்ள வீட்டில், கடலுக்குப் போய்வந்த அப்பா பின்னால் படுத்துத் தூங்கும்போது ஒரு பெண் கேமராவைத் திறப்பாளா? அது கூச்சம் மட்டுமில்லை, வீட்டாருக்குச் செய்கிற மரியாதையும்தான். கேமரா வைத்திருப்பவருக்கும் அதில் பாடு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் இந்தத் திரைச் சோர்வுக்கு நான்கு காரணங்கள் சொன்னார். முகத்துக்கு மிக அருகே வந்து எல்லாரும் உற்றுப்பார்ப்பது போன்ற நிலை, தன் முகத்தைத் தானே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் கட்டுண்டிருப்பது, நேரில் தானாக நடக்கும் தலையசைப்பையும் பார்வையையும் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருப்பது. தொடக்கத்தில் இரண்டு நிமிடம், முடிந்தவர்கள் மட்டும், முகம் காட்டி வணக்கம் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு குரல் போதும். டேட்டாவும் மிச்சமாகும்.

வாய் திறப்பதில்லை என்கிறாயே, அதில் பாதி பயம், பாதி இணையம். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்க நேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடிதான் இடைவெளி. திரையில் குரல் போய்ச் சேரும் தாமதமே பல நேரம் அதைவிடக் கூடிவிடுகிறது. இருவர் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் "நீங்க சொல்லுங்க" என்று பின்வாங்கி, அதன்பிறகு ஒருவரும் பேசாமல் போவதைப் பார்த்திருப்பாய். "யாருக்காவது சந்தேகம் உண்டா" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்தச் சொல். பேசும் வரிசையை முன்னாலேயே எழுதிப் போடு, பெயர் சொல்லி அழை. அந்த வரிசையில் சார் கடைசியில் வரட்டும்.

இரண்டு மணி நேரம் வேண்டாம். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்று எல்லாரும் குறைபடுவார்கள். எனக்கு அந்த 40 நிமிடம் சரியான அளவாகப் பட்டது. ஒரு வாரத்துக்கு ஒருவருடைய வேலையைப் பற்றி மட்டும் பேச அது போதும். இதில் ஒரு ஆய்வு முடிவையும் சொல்கிறேன். மெலனி ப்ரக்ஸ், ஜொனாதன் லெவாவ் இருவரும் 2022-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒரு பொருளுக்குப் புதுப் பயன்களை யோசிக்கச் சொன்னபோது, நேரில் இருந்தவர்களைவிடக் காணொளியில் பேசியவர்களுக்குக் குறைவாகவே தோன்றின. ஐந்து நாடுகளில் வேலை செய்யும் பொறியாளர்களிடமும் அதையே கண்டார்கள். அறையெங்கும் அலைய வேண்டிய கண் திரைக்குள் அடைபட, எண்ணமும் கூடவே சுருங்கிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆனால் தோன்றியவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் காணொளிக்காரர்கள் பின்தங்கவில்லை. அதனால் அட்டவணையைச் சரிபார்ப்பது, வரைபடத்தில் பிழை தேடுவது, எந்தக் கட்டுரையை முதலில் அனுப்பலாம் என்று முடிவெடுப்பது எல்லாம் சனிக்கிழமை திரைக்குப் போகட்டும். புதிதாக என்ன செய்யலாம் என்ற பேச்சை நேரில் கூடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உன் முதல் கேள்வி. திரைக்குள் நட்பு வளருமா?

நான் ஆய்வு செய்த காலத்தில் யாரும் எங்களுக்கு ஜாலி நேரம் வைக்கவில்லை. மணக்குடிக் காயலில் ஆய்வுக்குத் தண்ணீர் எடுத்துவிட்டு நாகர்கோவில் பஸ்ஸுக்காக நிற்போம். பஸ் வராது. சாயாக் கடையில் ஆளுக்கொரு சாயா, ஏத்தங்காய் பஜ்ஜி. அங்கேதான் எனக்கு மூத்த அக்கா, "நீ பாட்டில்ல காத்துக்குமிழி விடுத, கவனிச்சியா?" என்று சொல்லித்தந்தாள். கைடுக்கு முன்னால் அவள் அதைச் சொல்லியிருக்கமாட்டாள், நானும் கேட்டிருக்கமாட்டேன். பழக்கமெல்லாம் வேலையின் ஓரத்திலேயே வளர்ந்தது. தராசுக்குக் காத்திருக்கும்போது, சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்கும்வரை, வாசலில் செருப்பு மாட்டும்போது. ஆன்லைன் மீட்டிங் இந்த ஓரங்களைத்தான் வெட்டிவிடுகிறது. பத்து மணிக்குத் திறக்கிறது, பன்னிரண்டு மணிக்குப் பட்டென்று கறுத்துவிடுகிறது. வெட்டிப்போன ஓரத்தை மாதக் கடைசியில் விழாவாகத் திருப்பித் தர முடியாது மகளே. ஒவ்வொரு வாரமும் அந்தக் கூட்டத்திலேயே கொஞ்சம் ஓரம் விடு.

நான் செய்ததைச் சொல்கிறேன். லிங்கைக் கால் மணி நேரம் முன்னால் திறந்து வைத்தேன். 40 நிமிடம் ஆனதும் "நான் வாறேன் பிள்ளைகளே" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் வெளியேறினேன். கூகுள் மீட்டாக இருந்தால் அழைப்பை எல்லாருக்குமாக முடிக்காமல் தான் மட்டும் வெளியேறலாம், ஜூமில், 40 நிமிட வரம்பு இல்லாத கணக்காக இருந்தால், இன்னொருவரிடம் பொறுப்பை மாற்றிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் அதன்பிறகு என்ன பேசினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஒரு பெண் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். கரைந்த ஆக்சிஜன் அளவுகளை அனுப்பியிருந்தாள், நானும் பார்த்து நன்றாக இருக்கிறது என்றிருந்தேன். அதை அளக்கும் வின்க்ளர் முறையில், தண்ணீர் எடுத்த இடத்திலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து ஆக்சிஜனைக் கட்டிவிட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கும், அளவு மாறிவிடும். ஊரடங்கில் போலீஸ் நிறுத்துமோ என்ற பயத்தில் அவசரமாகத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துதான் மருந்து சேர்த்திருக்கிறாள். இரண்டு மாத அளவுகள். என்னிடம் சொல்லத் தைரியமில்லை. நான் வெளியேறிய ஒரு சனிக்கிழமை, மற்றவர்களிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த ரப்பர் வெட்டும் பையன்தான், "டீச்சரிட்ட நீயே சொல்லு, நாங்க கூட இருக்கோம்" என்றிருக்கிறான். அந்த இரண்டு மாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தோம். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தத் தவறான அளவுகள் தீசிஸில் அச்சாகியிருக்கும்.

உன் சாரிடம் "வேண்டாம்" என்று சொல்லாதே. இந்தச் சம்பவத்தைச் சொல். ஒட்டுதல் இல்லை என்று வருந்துகிறவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவர் வெளியேறித் தரும் கால் மணி நேரத்தைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். உனக்குத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பு.

ஒன்பது பேரும் ஒன்றாகவே பேச வேண்டும் என்றும் நினைக்காதே. கல்யாண வீட்டுப் பந்தலில் பார், நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு தானாக இரண்டாகப் பிரியும். திரையில் அப்படிப் பிரிய வழியில்லை, ஒருவர் பேச எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாரத்துக்கு இருவர் இருவராக ஜோடி சேர்த்து, அரை மணி நேரம் சாதாரணப் போனில் பேசச் சொல். மிஞ்சுகிற ஒருவர் ஏதாவது ஒரு ஜோடியோடு சேரட்டும். நடந்துகொண்டே பேசலாம். இன்னொன்றும் எங்களுக்கு உதவியது: லிங்கைத் திறந்து வைத்து எல்லாரும் மியூட்டில் அவரவர் எழுத்து வேலையைச் செய்வது, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பேசுவது. தீசிஸ் எழுதுகிறவருக்குத் தனிமைதான் பெரிய பாரம். அந்த மஸ்கட் அக்கா இதற்கு முதல் ஆளாக வருவார் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். லிங்க், நினைவூட்டல், குறிப்பு, விளையாட்டு, அதோடு எல்லாருடைய மனநிலையும், எல்லாம் ஏன் உன் தலையில்? குழுவில் பொறுப்பான பெண் ஒருத்தி இருந்தால் இதெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. இதை நான் நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். இந்த மணிநேரங்கள் உன் தீசிஸிலிருந்து போகின்றன. ஒன்பது பெயரையும் எழுதி வாரம் ஒருவர் என்று சுற்றுக்கு விடு. ஒருவர் மறந்தால் அந்த வாரக் கூட்டம் நடக்காமல் போகட்டும், நீ ஓடிப்போய்த் தாங்காதே.

நேரில் கூடுவதைத் தள்ளிப்போடாதே. மாவட்டத்துக்குள் ஐந்து பேர், திருநெல்வேலியிலிருந்து இரண்டு பேர், ஏழு பேர் ஒரு சனிக்கிழமை காலை சந்திக்க முடியாதா? சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நாகர்கோவிலிலிருந்து கூப்பிடுதூரம்தான். வலசைப் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் போனால், புதுக் கேள்விகள் கரையிலேயே கிடைக்கும். மஸ்கட்டுக்கும் ஜெர்மனிக்கும் அங்கிருந்தே போன் போடுங்கள், கேமராவை மஞ்சள்மூக்கு நாரைகள் பக்கம் திருப்பி வையுங்கள்.

தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுது. கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் நான் கொண்டுவருகிறேன். சாரையும் கூப்பிடு, ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் கிளம்பிவிடுகிறோம்.

அன்புடன்,
டீச்சர்