புனலூர் வரை போதும்

அன்புள்ள ஐயா,

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் காரில் கேரளப் பக்கம் போய்வர நினைக்கிறோம். பார்டர் ரொட்டிக் கடை, பாலருவி, பதிமூன்று கண் பாலம், தென்மலை, புனலூர் தொங்குபாலம், கொட்டாரக்கரை உண்ணியப்பம், சடயமங்கலம் ஜடாயு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். இதே வரிசையில் ஒரே நாளில் முடியுமா?

வாசகர், ராஜபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி இரண்டையும் அடித்துவிடுங்கள். கொட்டாரக்கரை புனலூரிலிருந்து இன்னும் இருபது கி.மீ. தள்ளி இருக்கிறது. நீங்கள் போய்ச் சேரும் மதிய வேளையில், உண்ணியப்பம் தருகிற கணபதி கோயில் நடை சாத்தியிருக்கும். பெரிய ஜடாயு சிலை உள்ள பாறைக்கு மட்டுமே அரை நாள் வேண்டும். போகிற போக்கில் இறங்கிப் பார்க்கிற இடமில்லை அது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே உள்ள ஐம்பது கி.மீ. ஒரு நாளுக்குத் தாராளம்.

வரிசையையும் மாற்றுங்கள். ரொட்டிக் கடையைக் கடைசியில் வையுங்கள். பரோட்டாவும் கோழியுமாக வயிறு நிறையத் தின்றுவிட்டு மலை ஏறினால் வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்பினால் இரண்டு வேளையும் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், ஓட்டுகிறவருக்குக் கண் கூசாது.

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டால் கேரள எல்லையில் உள்ள புளியரையை ஏழரைக்குள் தாண்டலாம். அங்கே எஸ் வளைவில் பாரம் ஏற்றிய கனிம லாரிகள் ஊர்ந்து ஏறும். பொறுமையிழந்து வளைவிலேயே முந்துவதுதான் அந்தச் சாலையில் பெரிய ஆபத்து. நேர்ச்சாலை வரும்வரை பின்னாலேயே போங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிக் கருகல் வாடை அடிக்கும், பிறகு பிடிக்காது. ஏறுகிற வண்டிக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

புட்டும் கடலையும் ஆரியங்காவில் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் பல சின்னக் கடைகளில் தீர்ந்திருக்கும். அடுத்து பாலருவி. காரை நுழைவாயிலில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் உள்ளே போக முடியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முந்திப் போவது நல்லது. தண்ணீர் மிஞ்சிவிட்டால் குளிக்க விடமாட்டார்கள். கடைசியில் கொஞ்சம் நடையும் வழுக்குப் பாறையும் உண்டு. அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ளதாகப் பாருங்கள்.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கிறது. 1904இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதைக்காகக் கட்டிய கருங்கல் வளைவுகள். 2018 முதல் அதே பாலத்தில் அகலப்பாதை ரயில் ஓடுகிறது. என் மதிப்பில் உங்கள் பட்டியலிலேயே உயர்ந்தது இதுதான். ரயில் ஆப்பில் ஆரியங்காவு நேரத்தைப் பார்த்துவைத்து, கீழே நின்று காத்திருங்கள். மலையில் வண்டி மெதுவாகத்தான் வரும் என்பதால் பிள்ளைகள் பெட்டிகளை எண்ணி முடிக்கலாம். தண்டவாளத்தில் ஏறிப் படம் எடுக்கவே கூடாது. காரையும் வளைவில் நிறுத்தாதீர்கள்.

தென்மலை அணையைத் திரும்பும்போது நேரமிருந்தால் பாருங்கள். மதியம் புனலூரில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். சோறு கேட்டால் சிவப்பு மட்டை அரிசிதான் வரும். கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டிய தொங்குபாலத்தில் இப்போது நடைக்கு மட்டுமே அனுமதி. கற்கோபுரங்களிலிருந்து இறங்கும் இரும்புச் சங்கிலிகளைப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் காட்டுங்கள்.

போகும் நாள் திருவோணமா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று கேரளப் பக்கம் சின்னக் கடைகள் பலவும் அடைப்பு.

மூன்று, மூன்றரைக்குள் புனலூரை விட்டால் இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடலாம். பார்டர் கடைகளைப் புளியரை செக்போஸ்ட்டில் தேடாதீர்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்க் கொச்சியில் இருந்தது. அந்தப் பழைய எல்லை பிரானூர். கடைகள் செங்கோட்டையைத் தாண்டித் தென்காசிப் பக்கம் அங்கேதான் இருக்கின்றன. குற்றாலத்துக் கூட்டம் இரவுச் சாப்பாட்டுக்கு வந்து குவியும் முன், ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பரோட்டாவை இரு கையாலும் பக்கவாட்டில் அடித்து, அடுக்கு விரிய இலையில் போடுவார்கள். ஆறவிடாமல் சாப்பிட வேண்டும். கோழியில் மிளகுக் காரம் தூக்கலாக இருக்கும், சால்னாவைப் பிள்ளைகளுக்குத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள்.