குளத்தில் இலை அள்ளுகிற வேலையா?

அம்மா, உங்கள் கேள்வியில் வருத்தத்தை விடக் கோபம்தான் அதிகம் தெரிகிறது. பட்டயப் படிப்பு முடித்த மகன் நீச்சல் குள ஆபரேட்டர் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறான், கையில் வலையோடு இலை அள்ளவா இத்தனை படித்தான் என்று கேட்கிறீர்கள். இலை அள்ளும் நாட்களும் வரும், மறைக்க மாட்டேன். ஆனால் முக்கியமான வேலை நடப்பது, குளிக்க வருகிறவர் கண்ணில் படாத பம்ப் அறையில்.

தண்ணீரை ஒரு நாளில் பல முறை சோதிக்க வேண்டும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க வேண்டும்; அது ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துவிடும். குளத்தில் குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), வெந்நீர் ஸ்பாவில் 3 என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஸ்பாவுக்கு ஏன் கூடுதல்? சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும், லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கோ வெதுவெதுப்பு பிடிக்கும். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' அடித்தால் குளம் சுத்தம் என்றுதானே நினைக்கிறோம்? பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை.

இதில் கடினமான பகுதி வேதியியல் இல்லை. ஒரு குழந்தைக்குத் தண்ணீரிலேயே வயிற்றுப்போக்கு ஆகிவிட்டால், கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்திலும் குளத்தை மூடச் சொல்ல வேண்டியவர் ஆபரேட்டர்தான். அதில் வரக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். மேலாளர் முகம் சுளித்தாலும் 'முடியாது' என்று சொல்லும் துணிச்சல் உங்கள் மகனுக்கு உண்டா? மதிப்பெண்ணை விட நான் இதைத்தான் பார்ப்பேன்.

சான்றிதழுக்கு வருவோம். பல நாடுகளில் அறியப்பட்டது சி.பி.ஓ., அதாவது 'சர்டிஃபைடு பூல் ஆபரேட்டர்'; 'பூல் அண்ட் ஹாட் டப் அலையன்ஸ்' என்ற அமைப்பு வழங்குகிறது. வகுப்பு பெரும்பாலும் இரண்டு நாள்தான், தேர்வைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு நாளில் யாரும் ஆபரேட்டர் ஆகிவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஓரிரு மாதம் ஏதாவது ஒரு குளத்தில் உதவியாளராக இருந்து தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவவும், குளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டு மருந்து அளக்கவும் பழகட்டும். அப்புறம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பாடமும் புரியும். பணம் கட்டும் முன், வேலை செய்யப்போகும் ஊரின் சுகாதாரத் துறை எந்தச் சான்றிதழை ஏற்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பாளர் சான்றிதழ் வேறு, இது வேறு. இரண்டும் ஒன்று என்று சொல்லும் பயிற்சி மையத்தின் பக்கமே போகாதீர்கள்.

மின்சாரமும் குழாய் வேலையும் கூடத் தெரிந்துகொண்டால் ஓட்டல், மருத்துவமனை போன்ற இடங்களில் பராமரிப்புப் பொறுப்பு வரை போகலாம். குளத்தோடு மட்டும் நின்றுவிட்டால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: மகனுக்கு ஆஸ்துமா இருக்கிறதா? அமிலமும் குளோரினும் தவறிக் கலந்தால் கிளம்பும் வாயு, நல்ல நுரையீரலையே பதம் பார்த்துவிடும். ஆஸ்துமா இருந்தால், வகுப்பில் சேர்வதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.